மீன் எண்ணெய் மாத்திரை மசிலை வளர்க்குமா? அந்த பாட்டில் உண்மையில் யாருக்கு?

"ப்ரோ, புரோட்டீன் பவுடர் மட்டும் போதாது. ஃபிஷ் ஆயிலும் சேர்த்து எடுங்க, மசில் சீக்கிரம் ஏறும்." ஜிம்மில் சேர்ந்த ஒன்றிரண்டு மாதத்துக்குள் இந்த அறிவுரை காதில் விழாதவர்கள் குறைவு. ரீல்ஸில் இது இன்னும் சத்தமாகக் கேட்கிறது. புரோட்டீன், கிரியேட்டினுக்கு அடுத்த இடத்தில் ஒமேகா-3 கேப்ஸ்யூல் வந்து உட்கார்ந்துவிட்டது. கூடவே சிஎல்ஏ, அராகிடோனிக் அமிலம் என்று வாயில் நுழையாத பெயர்களும் வரிசையில் நிற்கின்றன.

இவை எல்லாமே கொழுப்பு அமிலங்கள். தசைக்கு இவை உதவுகின்றனவா என்ற கேள்விக்கு அறிவியலில் ஓரளவு பதில் இருக்கிறது. அந்தப் பதில் ஜிம்மில் சொல்லப்படும் பதில் இல்லை. உதவி கிடைப்பதற்கு ஆதாரம் இருப்பது 60 வயதைத் தாண்டியவர்களிடம். விற்பனை நடப்பதோ 25 வயதுக்காரர்களிடம். உதவி செய்ததாகக் காட்டிய அளவு ஒன்று, பாட்டிலில் எழுதியிருக்கும் அளவு வேறு. அந்தப் பெரிய அளவை எட்டும்போது இதயம் சார்ந்த ஓர் ஆபத்தும் கூடவே வருகிறது. வாங்குவதற்கு முன் இந்த மூன்றையும் தெரிந்துகொள்வது நல்லது.

கொழுப்புக்கும் தசைக்கும் என்ன சம்பந்தம்?

தசை வளர வேண்டுமென்றால் உடல் புதிதாகப் புரதத்தைக் கட்ட வேண்டும். அதற்கு இரண்டு தூண்டுதல்கள் வேண்டும். ஒன்று எடை தூக்கும் பயிற்சி, மற்றொன்று சாப்பாட்டில் வரும் புரதம். ஒமேகா-3 இந்த இரண்டில் எதுவும் இல்லை. அது செங்கல்லும் இல்லை, கொத்தனாரும் இல்லை.

மீன் எண்ணெயில் முக்கியமாக இருப்பவை இபிஏ, டிஹெச்ஏ என்ற இரண்டு ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள். இவற்றைத் தொடர்ந்து சில வாரங்கள் எடுத்தால் தசைச் செல்களின் மேலுறையில் போய்ச் சேர்கின்றன. அப்படிச் சேர்ந்த பிறகு, "புரதம் வந்திருக்கிறது, வேலையைத் தொடங்கு" என்ற சிக்னலுக்கு அந்தச் செல் இன்னும் நன்றாகக் காது கொடுக்கிறது என்பதுதான் ஆய்வாளர்களின் விளக்கம்.

இங்கேதான் வயது முக்கியமாகிறது. இளம் வயதில் தசைச் செல்லுக்குக் காது நன்றாகவே கேட்கும். வயதாக ஆக, அதே அளவு புரதம் சாப்பிட்டாலும் தசை முன்போல் பதில் சொல்லாது. தாத்தாவுக்கு இரண்டு முட்டை கொடுத்தால் கிடைக்கும் பலன், பேரனுக்கு அதே இரண்டு முட்டையில் கிடைக்கும் பலனைவிடக் குறைவு. காது மந்தமானவருக்குத்தான் ஒலிபெருக்கி தேவை. நன்றாகக் கேட்பவருக்கு அதனால் பெரிதாக என்ன கிடைத்துவிடும்?

முதியவர்களிடம் ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு 2011-ல் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டது. முதியவர்கள் 16 பேர். ஒரு பகுதியினருக்கு 8 வாரம் ஒமேகா-3, மற்றவர்களுக்குச் சோள எண்ணெய். ஒமேகா-3 எடுத்தவர்களின் உடலில், அமினோ அமிலமும் இன்சுலினும் கொடுக்கப்பட்டபோது தசைப் புரதம் உருவாகும் வேகம் கூடியது.

அதே குழு 2015-ல் அடுத்த கட்டத்துக்குப் போனது. 60 முதல் 85 வயது வரை உள்ள 60 பேர், ஆறு மாதம். மாத்திரை எடுத்தவர்களின் தொடைத் தசை அளவு, எடுக்காதவர்களோடு ஒப்பிட்டால் 3.6 சதவீதம் கூடுதல். கைப்பிடி வலிமை 2.3 கிலோ கூடுதல். கேட்பதற்குச் சிறிய எண்கள்தான். ஆனால் 70 வயதுக்காரர் ஒருவர் பேருந்துப் படியில் கைப்பிடியைப் பிடித்து ஏறுவதும், தரையில் உட்கார்ந்து எழுவதும் இந்தச் சிறிய எண்களில்தான் இருக்கின்றன.

உடனே எல்லா வீட்டிலும் பாட்டில் வாங்கி வைத்துவிட வேண்டுமா? அவசரம் வேண்டாம். ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில் 70 வயதைத் தாண்டிய 2,157 பேரிடம் மூன்று ஆண்டுகள் நடந்த 'டூ-ஹெல்த்' ஆய்வின் முடிவு 2020-ல் வந்தது. அதில் தினமும் 1 கிராம் ஒமேகா-3 கொடுக்கப்பட்டது. நடை வேகம், நாற்காலியிலிருந்து எழுவது, சமநிலை போன்ற உடல் இயக்கச் சோதனைகளில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. பலன் காட்டிய 2015 ஆய்வில் கொடுத்த அளவு இதைவிட மூன்று மடங்குக்கும் மேல். ஆக, முதியவர்களுக்கும் 'கட்டாயம் உதவும்' என்று சொல்ல முடியாது. 'அதிக அளவில் ஓரளவு உதவலாம்' என்பதுதான் நேர்மையான வாசகம்.

அப்போ ஜிம் போகும் இளைஞர்களுக்கு?

2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வு நேரடியாக இந்தக் கேள்வியைத்தான் கேட்டது. ஏற்கெனவே எடைப் பயிற்சி செய்யும் இளைஞர்கள் 20 பேர். பாதிப் பேருக்கு எட்டு வாரம் தினமும் 5 கிராம் மீன் எண்ணெய், மீதிப் பேருக்குத் தேங்காய் எண்ணெய். பிறகு கால் பயிற்சி, 30 கிராம் வே புரோட்டீன். தசைப் புரதம் உருவாகும் வேகத்தை அளந்தார்கள். இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. மீன் எண்ணெய் அவர்களின் தசையில் நன்றாகவே போய்ச் சேர்ந்திருந்தது. ஆனால் போதுமான புரதமும் பயிற்சியும் இருந்த இடத்தில் அது செய்ய வேண்டிய வேலை எதுவும் மிச்சமில்லை.

இது சிறிய ஆய்வுதான், கடைசி வார்த்தை கிடையாது. ஆனால் 'மசில் ஏறும்' என்று உறுதியாகச் சொல்லி விற்பவரிடம் இதைவிட வலுவான ஆதாரம் இருக்கிறதா என்று கேட்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு.

இளைஞர்களில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. 2019-ல் கனடாவில் இளம் பெண்கள் 20 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு காலை மட்டும் இரண்டு வாரம் அசைக்காமல் கட்டி வைத்தார்கள். சாதாரண எண்ணெய் எடுத்தவர்களின் தொடைத் தசை 14 சதவீதம் குறைந்தது. அதிக அளவு ஒமேகா-3 எடுத்தவர்களுக்கு 8 சதவீதம் மட்டுமே குறைந்தது. பைக்கில் விழுந்து காலில் மாவுக்கட்டு போட்டவர்கள், மூட்டு ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் போன்றோருக்கு இது கவனிக்க வேண்டிய தகவல். ஒரு சிக்கல் என்னவென்றால், இந்த ஆய்வில் காலைக் கட்டுவதற்கு நான்கு வாரம் முன்பே மாத்திரை தொடங்கப்பட்டது. விபத்து நான்கு வாரம் முன்பே சொல்லிவிட்டு வருவதில்லை.

லேபிளில் ஒரு சின்னக் கணக்கு

பாட்டிலின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் '1000 மி.கி.' என்று இருக்கும். அது எண்ணெயின் எடை. ஒமேகா-3 எவ்வளவு என்பதற்குப் பின்பக்கம் திருப்ப வேண்டும். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் சாதாரண வகையில் இபிஏ 180 மி.கி., டிஹெச்ஏ 120 மி.கி. இருக்கும். மொத்தம் 300 மி.கி. மீதி 700 மி.கி. வேறு கொழுப்புகள்.

வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வுகளில் முதியவர்கள் தினமும் எடுத்தது இபிஏ 1.86 கிராம், டிஹெச்ஏ 1.5 கிராம். மொத்தம் 3,360 மி.கி. சாதாரண கேப்ஸ்யூலில் அந்த அளவை எட்ட வேண்டுமானால் தினமும் 11 விழுங்க வேண்டும். 60 கேப்ஸ்யூல் உள்ள பாட்டில் ஆறாம் நாளே காலி. எண்ணெயிலிருந்து மட்டும் சுமார் 100 கலோரி கூடுதலாக உள்ளே போகும். 'டிரிபிள் ஸ்ட்ரெங்த்' என்ற பெயரில் ஒரு கேப்ஸ்யூலில் சுமார் 900 மி.கி. ஒமேகா-3 உள்ள வகைகளும் விற்கின்றன. அவற்றில் நான்கு வேண்டும், விலையும் அதற்கேற்ப ஏறும்.

காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று சாதாரண வகையை எடுப்பவர், ஆய்வில் பலன் காட்டிய அளவில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. பாதிப்பும் பெரிதாக இருக்காது, மசிலும் வராது. காசு மட்டும் போகும்.

அளவைக் கூட்டினால் என்ன ஆகும்?

'சரி, அப்போ பதினொன்றே எடுத்துவிடலாம்' என்று தோன்றலாம். இங்கேதான் நிதானிக்க வேண்டும்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-ல், தினமும் 5 கிராம் வரை இபிஏ, டிஹெச்ஏ எடுப்பது பெரியவர்களுக்குப் பாதுகாப்புக் கவலை தராது என்றது. அதன்பிறகு வந்த பெரிய ஆய்வுகள் ஒரு புதிய எச்சரிக்கையைக் கொண்டுவந்தன. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் படபடவெனத் துடிப்பதை மருத்துவர்கள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிறார்கள். இதனால் இதயத்துக்குள் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரலாம்.

81,210 பேர் பங்கேற்ற ஏழு ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் ஓர் ஆய்வறிக்கை வெளியானது. தினமும் 1 கிராமுக்கு மேல் ஒமேகா-3 எடுத்தவர்களுக்கு இந்தத் துடிப்புக் கோளாறு வரும் வாய்ப்பு 49 சதவீதம் கூடுதல். 1 கிராம் அல்லது அதற்குக் கீழ் எடுத்தவர்களுக்கு 12 சதவீதம் கூடுதல். ஐரோப்பிய மருந்து முகமையும் 2023-ல், ஒமேகா-3 அடங்கிய மருந்துகளின் பக்கவிளைவுப் பட்டியலில் இதைச் சேர்க்கச் சொன்னது. தினம் 4 கிராம் எடுப்பவர்களுக்கே ஆபத்து அதிகம் என்றும் குறிப்பிட்டது.

49 சதவீதம் என்றதும் பதற வேண்டாம். அந்த எண் எதன்மேல் கூடுகிறது என்று பார்க்க வேண்டும். தினமும் 4 கிராம் கொடுத்த 'ரெட்யூஸ்-இட்' என்ற பெரிய ஆய்வில், இந்தக் கோளாறுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் மருந்து எடுத்தவர்களில் 100-க்குச் சுமார் 3 பேர், எடுக்காதவர்களில் 100-க்குச் சுமார் 2 பேர். அதாவது 100 பேருக்கு ஒருவர் கூடுதல். அதே ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட பெரிய பாதிப்புகள் குறைந்ததும் உண்மை. ஆனால் அவர்கள் ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்கள் அல்லது சர்க்கரை நோயோடு வேறு ஆபத்துக் காரணிகளும் உள்ளவர்கள், மருத்துவர் கண்காணிப்பில் இருந்தவர்கள்.

இந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் நடுத்தர வயதைக் கடந்தவர்கள். 25 வயதுக்காரருக்கும் இதே அளவு ஆபத்து என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கணக்கைத் தட்டில் வைத்துப் பாருங்கள். இதய நோயாளிக்கு ஆபத்துக்கு எதிரே ஒரு பெரிய நன்மை இருக்கிறது. ஜிம் இளைஞருக்கு அந்தத் தட்டில் வைக்க நிரூபிக்கப்பட்ட நன்மை என்று எதுவும் இல்லை. ஆபத்து சிறியதாக இருந்தாலும், எதற்காக அதை எடுக்க வேண்டும்?

இன்னும் கவனிக்க வேண்டிய மூன்று விஷயங்கள்:

ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள்: வார்ஃபரின், குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் போன்றவற்றை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் அதிக அளவு மீன் எண்ணெயைத் தொடக் கூடாது.

காட் லிவர் ஆயில் வேறு, மீன் எண்ணெய் வேறு: மருந்துக் கடையில் 'மீன் மாத்திரை' என்று கேட்டால் பல நேரம் கைக்கு வருவது மீனின் கல்லீரலில் இருந்து எடுத்த எண்ணெய். அதில் வைட்டமின் ஏ, டி சேர்ந்தே இருக்கும். ஒமேகா-3 கணக்கை எட்டுவதற்காக அதை எட்டு, பத்து என்று விழுங்கினால் வைட்டமின் ஏ அளவு மீறிப் போகும். அது கல்லீரலைப் பாதிக்கும். கர்ப்பிணிகளுக்கு இது கூடவே கூடாது, கருவில் உள்ள குழந்தைக்குக் குறைபாடுகள் வரலாம்.

கெட்டுப்போன எண்ணெய்: ஒமேகா-3 காற்றும் வெப்பமும் பட்டால் சீக்கிரம் கெட்டுப்போகும் வகை. மே மாத வெயிலில் காரிலும் ஜிம் லாக்கரிலும் கிடக்கும் பாட்டில் இதற்குச் சரியான உதாரணம். ஒரு கேப்ஸ்யூலை வெட்டி முகர்ந்து பாருங்கள். லேசான மீன் வாடை சகஜம். சிக்கு வாடை குப்பென்று அடித்தால் குப்பைக்குத்தான். எலுமிச்சை, ஆரஞ்சு வாசனை சேர்த்தவற்றில் இந்த வாடை தெரியாமலும் போகலாம்.

சிஎல்ஏ, அராகிடோனிக் அமிலம் எப்படி?

'கொழுப்பு கரையும், மசில் நிற்கும்' என்ற வாக்குறுதியோடு விற்கப்படுவது சிஎல்ஏ. எலிகளிடம் இதன் பலன் அசத்தலாக இருந்தது. மனிதர்களிடம் வந்தபோது சுருங்கிவிட்டது. 2007-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், தினமும் 3.2 கிராம் எடுத்தவர்களுக்கு வாரத்துக்குச் சுமார் 90 கிராம் கொழுப்பு கூடுதலாகக் குறைந்தது. தசை பக்கம் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. 2002-ல் ஸ்வீடனில் வயிற்றுப் பருமன் உள்ள ஆண்களிடம் நடந்த ஆய்வில், சிஎல்ஏவின் ஒரு குறிப்பிட்ட வடிவத்தைத் தனியாகப் பிரித்து 12 வாரம் கொடுத்தபோது, இன்சுலினுக்கு உடல் பதில் சொல்லும் திறன் குறைந்தது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோயும், 13 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு அதன் முந்தைய நிலையும் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது. குடும்பத்தில் சர்க்கரை இருந்து, லேசாகத் தொப்பையும் இருப்பவர்தான் சிஎல்ஏ விளம்பரத்தை அதிகம் கிளிக் செய்வார். அவர்தான் அதிகம் யோசிக்க வேண்டியவரும்கூட.

அராகிடோனிக் அமிலம் ஒமேகா-6 வகை. முட்டையிலும் இறைச்சியிலும் இயல்பாகவே இருக்கிறது. எடைப் பயிற்சி செய்பவர்களிடம் நடந்த ஆய்வுகள் எல்லாம் சிறியவை, முடிவுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அதை நம்பிப் பணம் போடும் கட்டம் இன்னும் வரவில்லை.

மத்தி மீனும் முட்டையும் போதாதா?

பெரும்பாலானவர்களுக்குப் போதும். தசை வளர்ச்சிக்கு ஆதாரம் மிக வலுவாக இருப்பது பயிற்சிக்கும் புரதத்துக்கும்தான். 2018-ல் 49 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எடைப் பயிற்சி செய்பவர்களுக்குத் தினமும் உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் வரை பலன் கூடியது, அதற்கு மேல் போனால் பெரிய பலன் இல்லை. 65 கிலோ எடை உள்ளவருக்கு இது சுமார் 104 கிராம். காலையில் நான்கு இட்லி, மதியம் சாம்பார் சாதம், இரவில் தோசை என்று போகும் தட்டு அதன் பாதியைத் தொடுவதே கஷ்டம். அந்த ஓட்டையை அடைக்காமல் ஒமேகா-3 வாங்குவது, அஸ்திவாரம் போடாத வீட்டுக்குப் பெயிண்ட் வாங்குவது மாதிரி.

ஒமேகா-3 வேண்டுமென்றால் மத்தி மலிவான வழி. குமரி மாவட்டத்தில் சாளை என்பார்கள். பருவத்தைப் பொறுத்து மாறினாலும், 100 கிராம் மத்தியில் சுமார் 1 கிராம் ஒமேகா-3 கிடைக்கும். மூன்று சாதாரண கேப்ஸ்யூலுக்குச் சமம், கூடவே 20 கிராம் அளவுக்குப் புரதம். அயிலையும் நல்ல தேர்வு. எண்ணெயில் பொரிப்பதைவிடக் குழம்பு வைப்பது மேல். வாரம் இரண்டு முறை மீன் என்பது அமெரிக்க இதயச் சங்கத்தின் பரிந்துரை. நம் கடலோர ஊர்களுக்கு இது புதிய செய்தி இல்லை.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஆளி விதை, அக்ரூட் உண்டு. ஆனால் அவற்றில் இருப்பது ஏஎல்ஏ என்ற வேறு வடிவம். அதில் மிகச் சிறிய பங்குதான் உடலில் இபிஏ, டிஹெச்ஏவாக மாறும். நேரடியாக வேண்டுமென்றால் கடல் பாசியிலிருந்து எடுக்கும் எண்ணெய் கேப்ஸ்யூல்கள் கிடைக்கின்றன.

யார் யோசிக்கலாம், யார் விட்டுவிடலாம்?

ஒழுங்காகப் பயிற்சி செய்து, புரதமும் போதுமான அளவு சாப்பிடும் இளைஞர்கள் மசிலுக்காக இதை வாங்க வேண்டியதில்லை. மீனே தொடாதவர்கள் பொது ஆரோக்கியத்துக்காக ஒரு சிறிய அளவு எடுப்பது அவர்கள் விருப்பம். மசில் எதிர்பார்ப்பை மட்டும் அதோடு சேர்க்க வேண்டாம்.

நீண்ட நாள் படுக்கையில் அல்லது மாவுக்கட்டில் இருக்கப் போகிறவர்கள், உதாரணமாகத் திட்டமிட்ட மூட்டு அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள், தங்கள் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்கலாம்.

60 வயதைத் தாண்டி, சாப்பாடு குறைந்து, கை கால் மெலிந்து வருபவர்களுக்குத்தான் இந்தக் கேள்வியைக் கேட்பதில் அதிக அர்த்தம் இருக்கிறது. ஆனால் இதயத் துடிப்பு ஆபத்தும் அவர்களுக்கே அதிகம். அதனால் இசிஜி பார்த்து, எடுக்கும் மருந்துகளையெல்லாம் சொல்லி, மருத்துவர் சம்மதத்தோடு மட்டும். அதற்கும் முன்னால் தினமும் ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ கூட்டுவதும், நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியைத் தொடங்குவதும் செலவில்லாத மருந்து.

இந்த விஷயத்தில் வாங்குபவரிடம் மட்டும் பொறுப்பை விட்டுவிடுவது சரியில்லை. இந்தியாவில் ஹெல்த் சப்ளிமென்ட் பாட்டில்களில் 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல' என்ற வாசகம் கட்டாயம். அந்த வாசகம் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்க, முன்பக்கத்தில் புஜத்தை முறுக்கிக் காட்டும் படம் இருந்தால் யார் எதைப் படிப்பார்கள்? முன்பக்கத்தில் எண்ணெயின் எடைக்குப் பதிலாக இபிஏ, டிஹெச்ஏ மொத்த அளவு பெரிய எழுத்தில் வர வேண்டும். தினம் 1 கிராமைத் தாண்டினால் இதயத் துடிப்புக் கோளாறு வாய்ப்பு உண்டு என்ற எச்சரிக்கை அதன் பக்கத்திலேயே வர வேண்டும். எஃப்எஸ்எஸ்ஏஐ நினைத்தால் இதைச் செய்யலாம். பயிற்சி சொல்லிக் கொடுப்பவரே பாட்டிலும் விற்கும் ஜிம்களில், அந்த விற்பனையில் அவருக்குப் பங்கு உண்டா என்பதை உறுப்பினர்களிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

அதுவரை அடுத்த முறை யாராவது "ஃபிஷ் ஆயில் எடுங்க ப்ரோ" என்றால், பாட்டிலைத் திருப்பி இபிஏவையும் டிஹெச்ஏவையும் கூட்டிப் பாருங்கள். 3,360-க்கு அது எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும். அந்தப் பணத்தில் ஒரு கிலோ மத்தி வாங்கிக் குழம்பு வைத்தால், வீட்டில் அப்பா அம்மாவும் சேர்ந்து சாப்பிடலாம்.